கரண்டு வைக்கும் வாரங்களும் கூலிக் கணக்கும்: கேள்வி பதில்

புதுச்சேரி கோரிமேடு ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு வைத்தியம் பார்த்த நாளில் கற்றது பாதி, அப்புறம் கடலூர் மாவட்டத்துப் புற்றுநோயாளிகளுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கற்றது மீதி. வேலை, சம்பளம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கரண்டு என்று நாங்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை.

பண்ருட்டி: முந்திரி உடைக்கிறேன் அக்கா. மார்பில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் கரண்டு வைக்கச் சொல்கிறார்கள். அரை நாளாவது வேலைக்குப் போகலாமா?

மேசையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, ஊர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய காசு அதோடு போச்சு. தூரத்திலிருந்து வருவதைச் சொல்லி, காலையில் முதல் ஆளாக வைக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் அலுப்பு ஏறும். கரண்டு வைக்கும் இடத்தைக் குறிக்கப் போட்ட மை வியர்வையில் அழியக் கூடாது. அதைவிட முக்கியம், அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் முந்திரி ஓட்டின் எண்ணெய் படவே கூடாது. உங்கள் கைக்குப் பழகிய எரிச்சல்தான். இப்போது அது புண்ணானால் சீழ் பிடித்துக் கை வீங்கிவிடலாம். சிகிச்சை முடிந்த பிறகும் தோல் உரித்துத் தரம் பிரிக்கும் வேலை கேளுங்கள்.

கடலூர் சிப்காட்: ஒப்பந்தத் தொழிலாளி நான். ராஜினாமா எழுதிக் கொடு, குணமானதும் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார் காண்டிராக்டர். சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. வாய்ப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாட்களில் உங்களை வேலையைவிட்டு நீக்கச் சட்டம் விடாது. தானாக எழுதிக் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?

அந்த உதவித்தொகை வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் வரும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்து, அதில் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் 80 சதவீதமாக இரண்டு வருடம் வரை நீளும். புதுச்சேரியில் வைத்தியம் பார்த்தாலும் சீட்டுகளை உங்கள் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டே இருங்கள்.

விருத்தாசலம்: அம்மாவுடன் நான்தான் போகிறேன். எனக்கும் ஈஎஸ்ஐ உண்டு. நான் போடும் லீவுக்குப் பணம் வருமா?

வராது. அந்தத் தொகை நோயாளிக்குத்தான், கூடப் போகிறவருக்கு இல்லை. உங்களை நம்பி இருக்கும் அம்மாவுக்கு வைத்தியம் கிடைக்கும், அவ்வளவுதான். துணைக்கு வருகிறவரின் கூலியை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சரி, ஆளைப் பிரியுங்கள். கீமோ 21 நாளுக்கு ஒருமுறை என்றால், அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் நீங்கள் இருங்கள். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ரத்த அணு குறையும். காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிக்கொண்டு ஓட ஆள் வேண்டும், சித்தியோ அத்தையோ இருக்கட்டும். மூன்றாம் வாரம் அம்மா ஓரளவு தேறியிருப்பார், ஓவர்டைம் இருந்தால் அப்போது பாருங்கள்.

குறிஞ்சிப்பாடி: நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அட்டை வீணா?

இல்லை அம்மா. அந்த நாட்கள் குடும்பத்துக்கு, ஒருவருக்கு மட்டும் அல்ல. அட்டையில் பெயருள்ள மகளோ மருமகளோ போகலாம்.

சிதம்பரம்: அப்பாவைச் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பஸ் காசே கட்டுப்படியாகவில்லை.

ரயிலில் போங்கள். ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அங்கேயே பார்த்து வாங்குங்கள்.