கடைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் எழுத்து: நாமே ஒட்டலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கதவில் கடைப் பெயரை ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டியிருந்தோம். ஒரே கோடையில் ஓரங்கள் சுருங்கி உரிந்துவிட்டது. புதிதாகப் போட ஸ்டிக்கர் கடையில் ஒட்டுக்கூலி தனியாகக் கேட்கிறார்கள். நாங்களே ஒட்டலாமா? என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக ஒட்டலாம். சமமான கண்ணாடியைவிடச் சுலபமான இடம் கிடையாது. மிச்சமாகும் கூலியை நல்ல ஷீட்டுக்குக் கொடுங்கள். ஓரம் சுருங்குவதற்குப் பெரும்பாலும் சரக்குதான் காரணம். மலிவு வினைலை, அதாவது ஸ்டிக்கர் வெட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டை, உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தயாரிக்கிறார்கள். வெயில் பட்டதும் அது சுருங்கப் பார்க்கும். அதே வகையில் 'பாலிமெரிக்' என்றால் சுருக்கம் குறைவு. 'காஸ்ட்' (cast, இழுக்காமல் வார்த்து எடுத்த ஷீட்) இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் அது வண்டியின் வளைவுகளில் ஒட்டுவதற்கானது, விலையும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் கதவுக்குப் பாலிமெரிக் போதும். கம்பெனி பெயரையும் ஷீட்டின் வகையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று, எழுத்தைத் திருப்பி வெட்டித் தரச் சொல்லி, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டலாம். மழையும் துடைக்கிற துணியும் படாது. கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் மட்டும் வெளிப்பக்கம்தான் சரி. உள்ளே ஒட்டினால் நிறம் மங்கித் தெரியும். தேவையில்லாத துண்டுகளை எடுத்து, எழுத்துகள் வரிசை கலையாமல் மொத்தமாக எடுத்து ஒட்ட, மேலே பேப்பர் டேப் ஒட்டியே வாங்குங்கள்.

ஒட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சுட்ட கண்ணாடியில் பசை தொட்டவுடன் பிடித்துவிடும், நகர்த்த முடியாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் (சீக்கிரம் ஆவியாகும் ஸ்பிரிட்) துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டாம், அதன் படலம் பசைக்கு ஆகாது.

அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு ஷாம்பு கலந்து கண்ணாடியில் தெளியுங்கள். ஷாம்பு அதற்கு மேல் போனால் பசை பிடிக்காது. பின்தாளை உரித்து எழுத்தை வைத்து, மட்டம் பார்த்து நகர்த்துங்கள். பிறகு பழைய ஏடிஎம் கார்டில் மெல்லிய துணி சுற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளுங்கள். இனிதான் பலர் கெடுப்பது: உடனே டேப்பை உரிப்பார்கள், எழுத்தும் கூடவே வரும். அரை மணி நேரமாவது விடுங்கள். உரிக்கும்போது டேப்பை நேராக முன்னால் இழுக்காமல், அதன் மேலேயே மடக்கிக் கண்ணாடியை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். எங்காவது எழுத்து எழும்பினால் டேப்பைத் திரும்பப் படியவைத்து, தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். குமிழி இருந்தால் ஊசியால் ஓரத்தில் குத்தி அழுத்தினால் போதும், பிளேடு வேண்டாம். இரண்டு நாள் கழுவாதீர்கள்.

கேள்வி: அதே எழுத்தை ஷட்டரிலும் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். வரி வரியான தகட்டில் சரியாகப் படியாது, சுருட்டும்போது உரசி உரியும். அங்கே பெயிண்டர்தான் சரி.