வள மையத்தில் இடம் காலியாம், பிள்ளையை அனுப்பலாமா?

அக்கா, முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிட்டால் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் (ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) இடம் உறுதி என்று ஒருவர் சொல்வதாகச் சொன்னீர்கள். அவர் யாராக இருந்தாலும் சரி, எந்த அதிகாரியைத் தெரிந்தவராக இருந்தாலும் சரி, அந்த இடத்தை அவரால் வாங்கித் தர முடியாது. ஏன் முடியாது என்று விளக்கமாகவே எழுதுகிறேன். மச்சான் கடலுக்குப் போய்த் திரும்பியதும் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், பிள்ளையும் படிக்கட்டும்.

வள மையத்திலிருந்து சிலர் மாறிப் போய்விட்டார்கள் என்ற செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மாறிப் போனவர்கள் யார்? ஆசிரியர் பயிற்றுநர்கள், பள்ளிக்கூடத்தில் பி.ஆர்.டி.இ. சார், பி.ஆர்.டி.இ. டீச்சர் என்று சொல்வார்களே, அவர்கள். அவர்கள் அரசு ஊழியர்கள், பட்டதாரி ஆசிரியருக்குச் சமமான நிலையில் இருப்பவர்கள். மாறுதல் கலந்தாய்வு நடக்கும்போது பள்ளிக்குப் பட்டதாரி ஆசிரியராக மாறிப் போவது அவர்களுக்கு வழக்கமான விஷயம்தான். அப்படிக் காலியாகும் இடத்துக்கு வேறு ஒன்றியத்திலிருந்து ஒருவர் மாறுதலில் வரலாம், இல்லையென்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆள் எடுக்கும்போது நிரப்பப்படலாம். வள மையத்தில் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளருக்கோ, ஒன்றியத்தில் இருக்கும் வேறு யாருக்குமோ அந்த நாற்காலிக்கு ஆள் போடும் அதிகாரம் கிடையாது. இடம் காலி என்பதும் நம் பிள்ளை விண்ணப்பிக்கலாம் என்பதும் ஒன்றல்ல, அக்கா. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசித்தான் உங்களைப் போன்றவர்களிடம் காசு கேட்கிறார்கள். எனக்கு இதில் வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல, ஏனென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டே கேட்கிறார்கள்.

ஆக, ஆசிரியர் பயிற்றுநர் வேலைக்கு ஒரே வாசல் தேர்வு வாரியம். பிள்ளை பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறாள். அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாளில் தேற வேண்டும், அதன் பிறகு போட்டித் தேர்வு. 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர், ஆசிரியர் பயிற்றுநர் இரண்டுக்கும் சேர்த்து 2,222 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, 2024 பிப்ரவரி 4 அன்று தேர்வு நடந்தது. அதில் பாடத்துக்கு 150 மதிப்பெண், அதற்கு முன்னால் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண். தமிழில் 20 எடுக்காவிட்டால் பாடத்தில் எவ்வளவு எடுத்தாலும் விடைத்தாள் கணக்கில் வராது. கணிதம் படித்த பிள்ளைகள் தமிழ்தானே என்று அதை விட்டுவிடுகிறார்கள், நம் பிள்ளை அப்படி விடக் கூடாது.

வயது போய்விடும் என்று நீங்கள் அழுததைக் கேட்டேன். அந்த 2023 அறிவிப்பில் வயது உச்சவரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. பிள்ளைக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. தகுதித் தேர்வுச் சான்றிதழும் முன்பு ஏழு ஆண்டுகளுக்குத்தான் செல்லும், 2021ல் அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை தேறிவிட்டால் போதும், அது அவள் கையில் இருக்கும். அதனால் வயது என்ற பயத்தை இன்றோடு இறக்கி வையுங்கள். கல்யாணப் பேச்சு வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

தகுதித் தேர்வு இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60, மொத்தம் 150. இவளுக்குக் கணிதம் வரும், அறிவியலும் ஆங்கிலமும்தான் உதைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள அரசுப் பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்ப் பெரிய கட்டணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது, பெரும்பாலும் தேவைப்படாது.

சரி, அப்படியானால் வள மையத்தில் ஒப்பந்த வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கம் என்று இருந்ததையும் வேறு சில திட்டங்களையும் சேர்த்து 2018ல் உண்டாக்கினார்களே அதன் கீழ், சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், கணக்காளர், கணினியில் தரவு பதிகிறவர் என்று தொகுப்பூதியத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இதில் சில வேலைகளுக்கு வெளி நிறுவனம் மூலமாகவும் ஆள் எடுக்கிறார்கள். எது வந்தாலும் அறிவிப்பு வெளிப்படையாக வரும். மாவட்ட இணையதளத்தில் ஆட்சேர்ப்புப் பகுதி இருக்கிறது, பிள்ளையின் கைபேசியில் அதைச் சேமித்து வைத்து வாரம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் நாளிதழிலும் வராத வேலையை ஒருவர் டீக்கடையில் சொன்னால் அதை வேலை என்று எண்ண வேண்டாம்.

அப்படி ஒரு இடம் வந்து, அவளுக்குத் தகுதியும் இருந்து, ஒழுங்கான வழியில் கிடைத்தால் போகலாமா? போகலாம் என்பதுதான் என் பதில், ஆனால் இதுவே நாளைக்கு நிரந்தரமாகிவிடும் என்ற நினைப்போடு போகக் கூடாது. 2012ல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித் தருகிறவர்கள். 2021ல் 10,000, 2024ல் 12,500 என்று சம்பளம் மெல்ல ஏறியது, நிரந்தரம் கேட்டு இத்தனை வருடமும் சென்னைக்குப் போய்ப் போராடியிருக்கிறார்கள், அவர்களில் பலர் வேலையில் சேரும்போது நம் பிள்ளை வயதுதான் இருந்திருப்பார்கள். அதனால்தான் ஒப்பந்தத்தில் சேர்கிற எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, தேர்வு வாரியத் தேர்வுக்கு தினமும் எந்த நேரம் படிக்கப் போகிறாய் என்பது. அதற்கு நேரம் இல்லாத அளவுக்கு வேலை இழுக்கும் என்றால் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்துக்கு நூற்றுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று பணம் வருகிறது. 2024–25ல் தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை, அந்தச் சமயத்தில் திட்டத்தின் கீழ் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் வரும் வழக்கு, நம் ஊரில் ஒரு வீட்டின் மளிகைக் கணக்கில் வந்து நிற்கும். உங்கள் வீட்டிலோ ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் இறங்காது, அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பிள்ளையின் சம்பளத்தை அந்த இரண்டு மாதத்துக்கு நம்பியிருந்து அதுவும் வராமல் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் சில மாதச் சம்பளத்தைத் தொடாமல் அஞ்சலகத்தில் போட்டு வைக்க முடிந்தால் நல்லது, அதைக் காட்டிக் கடன் மட்டும் வாங்க வேண்டாம்.

இனி நான் உண்மையிலேயே அவளை யோசிக்கச் சொல்வது சிறப்புக் கல்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பள்ளிக்கு வர முடியாத அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி என்று உண்டு, வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். சின்னப்பாலத்தில் ஒரு தாய் விடிவதற்குள் கடல்பாசி எடுக்கப் போய்விடுவாள், நடக்க முடியாத பிள்ளை பாட்டியிடம் இருக்கும். எந்த நேரத்தில் போனால் அந்தத் தாய் வீட்டில் இருப்பாள், கைகால் பயிற்சியை எப்படிச் சொன்னால் மறுநாளும் செய்வாள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமுக்கு ஏன் போன தடவை வரவில்லை, இதெல்லாம் இந்தக் கரையிலேயே பிறந்த பெண்ணுக்குத்தான் சொல்லாமலே புரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் மாறுதல் கிடைத்ததும் போய்விடுகிறார்கள், பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தை 2018லேயே மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்த்தது, தமிழ்நாட்டில் நாமும் விருதுநகரும்தான் அதில் இருக்கிறோம். திட்டங்கள் வருகின்றன, இந்த வேலைக்குப் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள்தான் போதவில்லை.

வேலை வாய்ப்பு என்ற கண்ணோடு பார்த்தாலும் இந்த வழி வளரும் வழி. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 2021ல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்பில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைக் குறித்தது, 2025 மார்ச்சில் அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட்டது. உத்தரவு வந்த உடனே வேலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அரசாங்கத்தில் அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் தேவை குறையப் போவதில்லை.

படிப்பில் சேரும் முன்பு ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அந்த நிறுவனத்துக்கும் அந்தப் படிப்புக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று. படித்து முடித்ததும் அந்தக் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும், அந்த எண் இல்லாமல் சிறப்பாசிரியர் என்று எங்கும் சேர முடியாது. ஆறு மாதத்தில் சிறப்புக் கல்விச் சான்றிதழ் என்று பலகை வைத்திருப்பவர்களிடம் இதை நேருக்கு நேர் கேளுங்கள், பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே என்னென்ன படிப்பு என்று பார்க்கட்டும்.

வள மைய வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்காரும் வேலை என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அப்படி இல்லை, பயிற்றுநரானாலும் சிறப்புப் பயிற்றுநரானாலும் பாதி நாள் சாலையில்தான். மண்டபம் ஒன்றியம் என்றால் ராமேசுவரம் தீவும் பாம்பனும் அதற்குள் வரும், கடலாடி ஒன்றியம் என்றால் சாயல்குடி, மூக்கையூர், நரிப்பையூர் என்று நீளும். பேருந்தை நம்பி ஒரு நாளில் இரண்டு பள்ளி பார்ப்பதே பெரிய பாடு. பிள்ளைக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக் கொடுத்து உரிமமும் எடுத்து வையுங்கள், மச்சான் வேண்டாம் என்றால் நான் பேசுகிறேன்.

இல்லம் தேடிக் கல்வியில் அவள் தன்னார்வலராக இருந்ததை நீங்கள் ஆயிரம் ரூபாய் வேலை என்று ஒதுக்கிச் சொன்னீர்கள். எனக்கு அது பெரிதாகப்படுகிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளைச் சாயங்காலம் திண்ணையில் கூட்டி வைத்து வாசிக்க வைத்திருக்கிறாள். ஒரு பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று அவளுக்கே தெரியும், அவளிடம் கேளுங்கள். எனக்காக இல்லை, அப்பாவுக்காகவும் இல்லை, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பிள்ளையின் தம்பியை மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல இடம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயம், செலவும் குறைவு. ஆனால் அதன் பிறகு தகுதித் தேர்வின் முதல் தாளும், அப்புறம் இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வும் எழுத வேண்டும், 2024 ஜூலையில் நடந்ததே அதைப் போல. சின்னப் பிள்ளைகளோடு இருக்க அவனுக்கு விருப்பம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை, போன தடவை வந்தபோது படகு இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினான். அவனைத் தனியாக அழைத்து வாருங்கள், அவன் அக்காவோடு சேர்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இப்போதைக்குப் பணம் கேட்டவரிடம், அறிவிப்பு நகலைக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம். பிள்ளை தன் பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்து வைக்கட்டும், தமிழ்வழிச் சான்றிதழை ஒவ்வொரு வகுப்புக்கும் படித்த இடத்தில்தான் வாங்க வேண்டும் என்பதால் அதற்கு இப்போதே அலைய ஆரம்பிக்கலாம். வரும் சனிக்கிழமை ராமநாதபுரத்தில்தான் இருப்பேன், காலையில் அவளையே அந்தக் கோப்போடு வரச் சொல்லுங்கள்.