முதலில் தரவைக்கு வாருங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 23. பல்சர் 150 வைத்திருக்கிறேன். இரவில் பண்ணைப் பாலத்தில் நண்பர்களோடு ஓடுவேன். என்னை முந்த ஆளில்லை. மோட்டார் சைக்கிள் ரேஸில் இறங்க ஆசை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. – கொக்குவில் வாசகர்

பதில்: தம்பி, பண்ணையில் ஓடுவதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். மணிக்கு 100 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் கடந்துவிடுவீர்கள். கடலுக்குப் போய்வரும் ஒருவர் விளக்கில்லாத சைக்கிளில் குறுக்கே வந்தால், அவரைக் கண்டு உங்கள் விரல் பிரேக்கைத் தொடுமுன்பே அந்த 28 மீற்றர் முடிந்திருக்கும். ரேஸ் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள். வளைவுகளில் கொடியோடு ஆள் நிற்பார். மஞ்சள் காட்டினால் முந்தக்கூடாது, சிவப்பென்றால் ஓட்டம் நின்றுவிடும்.

நேரே அக்சிலேற்றரை முறுக்குவது எவருக்கும் வரும். ஆளைப் பிரித்துக் காட்டுவது பிரேக்கும் வளைவும். அதைப் பழக உங்கள் பல்சரே போதும். காணிக்காரரிடம் கேட்டு ஒரு தரவையில் (வெட்டவெளி மேய்ச்சல் நிலத்தில்), மாடுகள் இல்லாத நேரத்தில், இரண்டு வெற்றுப் பெயின்ற் வாளிகளை வையுங்கள். கால் ஊன்றாமல் அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். வாளியைப் பார்த்தால் வாளியில்தான் மோதுவீர்கள். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள், வண்டி பின்னால் வரும். பிறகு 40இல் வந்து, நேராக இருக்கும்போதே பிரேக் பிடியுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் புழுதியில் முன்சில்லு வழுக்கிவிடும். தேசிக்காய் பிழிவதுபோல இரண்டு விரலால் மெல்லத் தொடங்கிக் கூட்டுங்கள். முன்பக்கம் தாழ்ந்து ரயர் மண்ணை அழுத்துவது கையிலேயே தெரியும். அந்த உணர்வு வரும்வரை வேறெதற்கும் அவசரப்படாதீர்கள்.

காசை முதலில் உடம்புக்குச் செலவழியுங்கள். எக்ஸோஸ்ற் மாற்றுவதெல்லாம் பிறகு. ஹெல்மெட்டின் பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தால் முன்னுக்குத் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானதல்ல. உள்ளே இருக்கும் ரெஜிபோம் ஒருமுறை நசிந்தால் திரும்ப எழும்பாது. அதனால் ஒருவர் விழுந்து எழும்பிய ஹெல்மெட்டைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். கணுக்காலை மூடும் சப்பாத்து, கையுறை, முதுகுக்கவசம், முழங்கால் காப்பு இல்லாமல் தடத்தில் இறங்கவேண்டாம்.

வடக்கிலிருந்து போகிறவருக்குக் கிட்ட இருக்கும் ரேஸ் தடம் அநுராதபுரம் சாலியபுரம். இராணுவத்தின் கஜபா சுப்பர்குரோஸ் என்ற மண் தடப் போட்டி அங்கேதான் நடக்கும், ஏறக்குறைய 200 கிலோமீற்றர். தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் தடம் இருக்கிறது. தார்த் தடம் என்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த, பழைய விமான ஓடுபாதை. மண் தடத்தின் பாய்ச்சல் மேடுகளுக்கு உங்கள் பல்சரின் சொக் அப்சோபர் தாங்காது. அதை அங்கே கொண்டுபோய் உடைக்காதீர்கள். முதற்தடவை வண்டியே இல்லாமல் யாழ்தேவியில் போய் இறங்குங்கள். ஓடுகிற ஒருவருக்கு உதவியாளாக நில்லுங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மற்றவருடைய செயினைத் துடைத்து. பிரேக் லீவரின் இடுக்கில் செம்புழுதி எப்படி அடைகிறது, ஒயில் போல்ற்றை ஏன் கம்பியால் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் கண்ணில் படும். எந்த வகுப்பில் புதியவர்களைச் சேர்க்கிறார்கள், என்ன அனுமதிப்பத்திரம், என்ன காப்புறுதி கேட்கிறார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடமே விசாரியுங்கள். பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பட்டா லொறி பிடித்து வண்டிகளை ஏற்றலாம்.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் ஃபொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்ததை அவர் கேள்விப்பட்டிருப்பார்; அவருடைய பயம் நியாயமானது. தரவைக்கு அவரையும் ஒருநாள் கூட்டிப்போய் நீங்கள் பிரேக் பிடிப்பதைக் காட்டுங்கள். போட்டிக்குப் பதியும்போது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்பார்கள். அங்கே நீங்கள் எழுதப்போவது அவருடைய தொலைபேசி எண்ணைத்தானே.