காக்கையும் புறாவும் மட்டும்தானா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் மண் இருக்கிறது. நர்சரியில் ரோஜா, போகன்வில்லா, குரோட்டன்ஸ் வாங்கி வைத்தேன். செழிப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் காக்கை, புறா தவிர ஒன்றும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன வைத்தால் குருவிகள் வரும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் வைத்திருப்பதெல்லாம் நம் கண்ணுக்கான செடிகள் அம்மா, பறவைக்கு அதில் சாப்பாடு இல்லை. முதலில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, நாட்டு இட்லிப்பூ இரண்டையும் வையுங்கள், தேன்சிட்டு தானாக வரும். அது செம்பருத்தியில் தேன் குடிப்பதைக் கிட்டே நின்று பாருங்கள், பல நேரம் பூவின் வாய்ப்பக்கமே போகாது. காம்பைப் பிடித்துக்கொண்டு, பூவின் அடிப்பகுதியில் அலகால் ஒரு குத்து, உறிஞ்சல், அடுத்த பூ. மகரந்தத்தைத் தொடுவதே இல்லை, சுத்தத் திருட்டு!

பழத்துக்குத் தேன்பழ மரம் ஒன்று போதும், சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கிவிடும், சின்னான், குயில், மைனா, கட்டைவிரல் அளவே இருக்கும் பூக்கொத்தி எல்லாம் வரும். பழம் பக்கத்து வீட்டு வாசலிலும் கொட்டும், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கறிவேப்பிலை இருந்தால் ஒரு கிளையையாவது ஒடிக்காமல் பூத்துக் காய்க்க விடுங்கள். அந்தக் கருப்புப் பழம் சின்னானுக்கும் குயிலுக்கும் ரொம்பப் பிடிக்கும், யாருமே நடாமல் வேலியோரம் கறிவேப்பிலைக் கன்று முளைப்பதும் பெரும்பாலும் இவர்கள் கைங்கரியம்தான்.

ஆனால் செடியைவிட முக்கியம், மருந்து அடிப்பதை நிறுத்துவது. தேன் குடிக்கிற சிட்டும் பழம் தின்கிற சின்னானும்கூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சி, சிலந்திதான் பிடித்துக் கொடுக்கும். இலையில் நாலு ஓட்டை விழுந்ததும் ஸ்பிரேயரைத் தூக்கினால் பறவை எதற்கு வரும், சொல்லுங்கள். சருகையும் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள், தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்திக்கொண்டே வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்க்கும். அப்புறம் தண்ணீர். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண் தட்டு, உள்ளே ஒரு கல், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு வளர்ப்பதாகிவிடும்.

கேள்வி: உன்னிச்செடிக்கு நிறையப் பறவை வருகிறதே, வேலிக்கு அதை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தேன்சிட்டும் சின்னானும் வருவது உண்மைதான், சிக்கலே அங்கேதான் இருக்கிறது, பழத்தைத் தின்றுவிட்டு விதையை ஊரெல்லாம் போட்டுவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று முதுமலைக் காட்டில் புல்லை முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேலிக்குக் கல்யாண முருங்கைப் போத்து ஊன்றுங்கள். இலையெல்லாம் கொட்டியபின் சிவப்பாகப் பூக்கும்போது மைனா, கரிச்சான், காக்கை, தேன்சிட்டு என்று ஒரே மரத்தில் சந்தையே கூடும்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோவில் காட்டுவதுபோலச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் தொங்கவிடலாமா?

பதில்: அது ஹம்மிங்பேர்டுக்கு வைப்பது, அந்தப் பறவை நம் நாட்டில் கிடையாது. நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளித்துப்போகும், எறும்பும் மொய்க்கும். அந்தக் காசுக்கு இன்னொரு செம்பருத்தி வாங்குங்கள்.

கேள்வி: பாதாம் கன்றில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடலாமா?

பதில்: தையல்சிட்டு! பஞ்சையும் சிலந்தி நூலையும் வைத்துத் தைத்திருக்கும். தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், ஆனால் வேரில் மட்டும், ஹோஸைத் தூக்கி இலைமேல் பீய்ச்ச வேண்டாம். இலையை விரித்துப் பார்க்காதீர்கள், போட்டோவுக்காகப் பக்கத்துக் கிளையை வெட்டவும் வேண்டாம், அந்த மறைப்பு போனால் காக்கை கண்டுபிடித்துவிடும். எப்படியும் ஒரு மாதத்துக்குள் குஞ்சு பறந்துவிடும், கவாத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.