கேள்விக்குறி போட்ட கோப்பு

கேள்வி: எனக்கு வயது 56. ஓராண்டாக வலது கை நடுங்குகிறது. ஒரு மருத்துவர், மூளை நரம்பணுக்கள் நலிந்து உடலசைவைக் குலைக்கும் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்கிறார். இன்னொருவர் வெறும் கைநடுக்கம்தான் என்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு வரன் பார்க்கிறோம். எதுவும் தெரியாமல் எப்படி நாளைக் கடத்துவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில் தவித்தவள். அப்போது தமிழாசிரியை. கரும்பலகையில் வரியின் தொடக்கத்தில் உள்ளங்கை அகலம் இருக்கும் என் எழுத்து, வரி முடிவதற்குள் பொடிப்பொடியாகிவிடும். "தெரியவில்லை டீச்சர்" என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்தாம் முதலில் சொன்னார்கள். முதல் மருத்துவர் தோள்பட்டை இறுக்கம் என்றார். எட்டு மாதம் தோளுக்குப் பயிற்சி செய்தேன். அடுத்தவர் கோப்பில் 'பார்க்கின்சன்' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே விடிந்த இரவுகள் உண்டு.

ஆறு மாதம் என்றதும் உங்களைத் தட்டிக்கழித்துவிட்டதாக எண்ணாதீர்கள். இந்த நோயை இன்னதென்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் வேறு கோளாறு இல்லையென்று உறுதி செய்யத்தான். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோய் கண்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இன்றும் நடையையும் விரலசைவையும் கண்ணால் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். சில மாதங்களில் என்ன மாறுகிறது என்பதும் ஒரு பரிசோதனைதான்.

ஒரு நோட்டு போடுங்கள். கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறதா, காபி டம்ளரைத் தூக்கும்போதா? முன்னது பார்க்கின்சன் பக்கம் சாயும். பின்னது வெறும் கைநடுக்கத்தின் பக்கம். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நடக்கும்போது வலக்கை வீசுகிறதா? பெருங்காயம் மணக்கிறதா? இந்த நோயில் வாசனை தெரிவதும் குறையலாம். எனக்கு அடுப்பில் பால் கருகிய வாடையே தெரியாமல் போயிருந்தது.

பழைய மருந்துச் சீட்டுகளை அவசியம் எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மாத்திரைகளாலும் இதே நடுக்கமும் விறைப்பும் வரலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பூனைக்காலி விதைப் பொடியை யாராவது சிபாரிசு செய்வார்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா அதிலும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறைத்தால் மருத்துவரின் கணிப்பு குழம்பும்.

வரன் வீட்டாரிடம், "கை நடுங்குகிறது, காரணம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். பார்க்கின்சன் பெரும்பாலோருக்குப் பரம்பரையாக வருவதுமில்லை. நான் ஓராண்டு கையை முந்தானைக்குள் ஒளித்தேன். தங்கை வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறாமல் ஒதுங்கி நின்றேன். ஏதோ மனத்தாங்கல் என்று அவள் அழுதேவிட்டாள். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

என் கோப்பில் கேள்விக்குறி இன்னும் இருக்கிறது. கோப்பு பீரோவில் இருக்க, நான் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தை இன்றே உங்கள் கையாலேயே எழுதுங்கள். மகளை எழுதச் சொல்ல வேண்டாம். எழுத்து கோணினாலும் சிறுத்தாலும் அப்படியே இருக்கட்டும். மருத்துவர் அதையும் பார்க்க வேண்டும்.