ஹெல்மெட் போட்டிருந்ததாக எழுதிவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தனியார் கம்பெனியில் வேலை, மாதம் 22,000 ரூபாய் சம்பளம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்தில்தானே போகிறோம் என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கறி வாங்க பைக்கில் போனார். ஒரு தண்ணீர் லாரி இண்டிகேட்டர் போடாமல் இடதுபுறம் திரும்பி இடித்துத் தள்ளிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து ராடு வைத்தார்கள். தலையிலும் அடி, உள்ளே லேசான ரத்தக்கசிவு, ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். மொத்தம் 3,40,000 ரூபாய் செலவு, எல்லாம் என் நகையை அடகு வைத்துக் கட்டியது. லாரி ஓனர் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. ஸ்டேஷனில் "முதலில் ஹெல்மெட் போட்டாரா, அதைச் சொல்லும்மா" என்று என்னை அதட்டினார்கள். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம். ஹெல்மெட் போடாததால் விபத்துக்கு என் கணவரே காரணம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கவுண்டர் (பதில் மனு) போட்டிருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டினார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இப்போது லோக் அதாலத்தில் 9 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். என் கொழுந்தனார், "அண்ணன் ஹெல்மெட் போட்டிருந்தார் என்று அபிடவிட்டில் எழுதிவிடலாம்" என்று வீட்டில் இருந்த ஹெல்மெட்டை மொட்டை மாடித் தரையில் தேய்த்து வைத்திருக்கிறார். போலீஸ் பேசிய பேச்சுக்கும் ஓனர் வராததற்கும் தனியாக நஷ்ட ஈடு கேட்கலாமா? கணவர் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் இருந்துவிட்டு அதே கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலை, சம்பளம் பழையதே. மகளை ஸ்கூலில் விடுவதும் அவர்தான், ஆறு வயதுக் குழந்தையை பைக்கில் அழைத்துப் போகிறார். கால் ஊனம் 30 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு சான்றிதழ் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த ஹெல்மெட்டை இன்றைக்கே கொழுந்தனாரிடமிருந்து வாங்கி வையுங்கள். அது நீதிமன்ற வாசலுக்கு வரக் கூடாது.

லாரி ஓனர் வந்து பார்த்தாரா, ஸ்டேஷனில் எந்தத் தொனியில் பேசினார்கள் என்பதற்கெல்லாம் உங்கள் வழக்கைக் கேட்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இடம் இல்லை. உங்கள் கணவர் பட்ட வலிக்கும் வேதனைக்கும் இழப்பீட்டில் ஒரு தலைப்பு இருக்கிறது, அதில் ஒரு தொகை வரும். தனி வழக்குப் போட்டால் இன்னும் நான்கு வருடம் பாரிமுனைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வழக்கில் சட்டப்படி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஹெல்மெட் போடாததற்கும் ஏற்பட்ட காயத்துக்கும் தொடர்பு உண்டா? விபத்து நடந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் கணவர் தலையில் என்ன இருந்தாலும் அந்த லாரி திரும்பித்தான் இருக்கும். கால் எலும்பு உடைந்ததற்கும் சம்பந்தமில்லை. தலைக்காயத்துக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி பொருந்தும்.

முகமது சித்திக் எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள், பின்னால் வந்த கார் இடித்தது. மூன்று பேர் போனது விதிமீறல் என்று டெல்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 20 சதவீதத்தைக் கழித்தது. விதியை மீறினார் என்பது மட்டும் போதாது, அந்த மீறல் விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவை ரத்து செய்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஹெல்மெட் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். "பாதிப்புக்கு" என்ற சொல் உள்ளே இருக்கிறது. தலையில் அடிபட்ட வழக்குகளில் 10, 15 சதவீதம் கழித்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு, கழிக்காதவையும் உண்டு. எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

செருப்பு விஷயத்தை விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு கேட்பது ஹெல்மெட்டை மட்டும்தான். ஷூ, கையுறை, ஜாக்கெட் எதையும் கேட்கவில்லை. சட்டம் கேட்காததைச் செய்யவில்லை என்று யாரும் பணத்தைக் கழிக்க முடியாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். செருப்போடு ஓட்டிக் கணுக்காலும் பாத விரலும் நசுங்கியவர்களின் எக்ஸ்ரே என் மேசையில் நிறையக் கிடந்திருக்கிறது. ராடு வைத்த காலோடு உங்கள் கணவர் இன்னும் பைக் ஓட்டுகிறார், ஷூ போடச் சொல்லுங்கள்.

இனி அபிடவிட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வந்த இடம் அதுதான்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு போட்டிருப்பார்கள். கொண்டுவந்து சேர்த்தவர் சொன்னதை வைத்து டியூட்டி டாக்டர் நேரம், இடம், எப்படி நடந்தது, குடித்திருந்தாரா, ஹெல்மெட் இருந்ததா என்று எழுதுவார். அந்த டாக்டருக்கு உங்கள் வழக்கில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அதனால்தான் நீதிபதி அந்தத் தாளை நம்புகிறார். கவுண்டரில் இன்சூரன்ஸ் வக்கீல் ஹெல்மெட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறார் என்றால் ஏ.ஆர். காப்பி ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்கிப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு இளைஞனின் வழக்கு. கடைக்கு டெலிவரி போடும் பையன், வேன் இடித்துத் தோள்பட்டையும் தாடையும் உடைந்தது. வேன் டிரைவர் மீதுதான் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகையும் அவர் மீதுதான். அவ்வளவு நல்ல வழக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாட்சி சொல்லும் நாளில் அவன் அப்பா ஒரு ஹெல்மெட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பையனும் கூண்டில் ஏறி, இதைத்தான் போட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டான். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வாங்கிப் புரட்டினார். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருந்தது. விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்துத் தயாரான ஹெல்மெட்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் சொன்ன எதுவும் எடுபடவில்லை. வேன் எந்தப் பக்கம் வந்தது என்று சொன்னதும் சந்தேகம், பார்த்த சாட்சியும் சொந்தக்காரர் என்பதால் சந்தேகம், சம்பளக் கடிதமும் சந்தேகம். விபத்தில் 40 சதவீதத் தவறு அவனுடையது என்று தீர்ப்பு வந்தது. தாடைக்காக 10 சதவீதம் போயிருக்க வேண்டிய இடத்தில், மொத்தத்தில் 40 போனது. அப்பீல் இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டு ஹெல்மெட் பழையதுதான், தேதி இடிக்காது என்று கொழுந்தனார் சொல்வார். ஏ.ஆர். இருக்கிறது. தலையில் அடிபட்ட இடம் இருக்கிறது. கடைத்தெருவில் கேமரா இருந்திருக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனால் கழன்று விழுந்துவிட்டது என்று இன்னொரு கதையும் யோசித்து வைத்திருப்பார்கள், அதுவும் எல்லோரும் சொல்வதுதான். வார் கட்டித் தலையோடு பிணைத்திருக்க வேண்டும் என்று 129-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. வார் கட்டாத ஹெல்மெட், சட்டத்தின் கண்ணில் வீட்டில் வைத்த ஹெல்மெட்தான்.

பொய் சத்தியத்துக்குத் தண்டனையும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 229-வது பிரிவின்படி நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளித்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறை. எல்லா வழக்கிலும் அந்த அளவுக்குப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் கையெழுத்துப் போடப்போவது கொழுந்தனார் அல்ல, உங்கள் கணவர்.

இந்தப் பொய்யால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் பார்ப்போம். 25 லட்சம் என்பது ஊனத்தை வருமான இழப்பாகக் கணக்கிட்டு, ஒரு வருட இழப்பை வயதுக்கு உரிய 16 என்ற எண்ணால் பெருக்கி வந்த தொகையாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி அதைக் கவிழ்த்துவிடுகிறது: அதே கம்பெனி, அதே சம்பளம். வருமானம் குறையாதவருக்குத் தீர்ப்பாயம் பெரும்பாலும் பெருக்கல் போடாது. ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு என்று கொடுக்கும். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு 1,50,000. மருத்துவச் செலவு 3,40,000. ஐந்து மாதச் சம்பளம் 1,10,000. வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டது, போக்குவரத்து, சத்துணவு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். ஆக 7,50,000. இரண்டு வருடத்துக்கு 7.5 சதவீத வட்டி சேர்த்தால் எட்டரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும்.

ஹெல்மெட்டுக்காக மொத்தத்தில் 15 சதவீதம் கழித்தாலே 1,12,500 ரூபாய்தான் போகும். தலைக்காயத்துக்கான பங்கில் மட்டும் கழித்தால் அதில் சின்னப் பகுதிதான். இந்தப் பணத்துக்காகவா முழு வழக்கையும் பணயம் வைப்பது?

அவர்கள் 9 லட்சம் தருகிறார்கள். உடைத்துச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். வழக்கை நடத்தி ஜெயித்தாலும் இதைவிடப் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. நகை இரண்டு வருடமாக அடகில் இருக்கிறது, அதற்கு நீங்கள் கட்டும் வட்டியையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். லோக் அதாலத்தில் முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. பிறகு தெரிந்தது, மறந்துவிட்டோம் என்று திரும்பிப் போக முடியாது. உங்கள் கணவரின் காலில் ராடு இன்னும் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு பில். அறுவை செய்த டாக்டரிடம் ராடு எடுக்க ஆகும் உத்தேசச் செலவை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். நரம்பியல் டாக்டரிடம் ஒரு முறை காட்டித் தலையில் மிச்சம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிட்ஸ் (வலிப்பு) மாதிரி ஏதாவது வந்திருந்தால் நான் மேலே போட்ட கணக்கே மாறும், அப்போது 9 லட்சம் போதாது. இந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால் 10 லட்சம் கேளுங்கள், 9-க்குக் கீழே இறங்காதீர்கள்.

நடுவில் இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. ஆறு வயதுக் குழந்தையை பைக்கில் அழைத்துப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், குழந்தை தலையில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்கார்ந்தாலும் சரி. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்காக நான் சொல்லவில்லை. ஆறு நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். குழந்தை அளவில் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கிடைக்கிறது, திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

சமரசம் படியாமல் வழக்கு நடந்தால், அபிடவிட்டில் ஹெல்மெட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். நான் எழுதச் சொல்வேன். கவுண்டரில் அவர்கள் ஏற்கெனவே கிளப்பிவிட்டார்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் அவர்கள் வாயிலிருந்து வரும். மூன்றே வாக்கியம் போதும்: "சம்பவத்தன்று நான் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. லாரி சிக்னல் காட்டாமல் இடதுபுறம் திரும்பி என் வண்டியை இடித்ததால் விபத்து ஏற்பட்டது. வலது கால் எலும்பு முறிவும் அதனாலேயே ஏற்பட்டது." இதோடு லாரி டிரைவர் மீதான குற்றப்பத்திரிகையின் சான்றிட்ட நகலையும், குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் அபராதம் கட்டியிருந்தால் அந்த உத்தரவின் நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.