நான்-ஸ்டாப் பஸ்ஸில் ஏறாதீர்கள்: தரியா தௌலத் கேள்வி பதில்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய கோடை மாளிகை, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் தரியா தௌலத், அதற்குப் பெங்களூரிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கார் வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அல்சூரிலிருந்து: இரண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? பஸ் எங்கே ஏறுவது?

தாராளமாக முடியும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். உங்கள் பக்கத்திலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. தீபாஞ்சலி நகரில் இறங்கினால் மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் நிலையம் பக்கம். மைசூர் பஸ்கள் வரிசையாக நிற்கும். முதலில் வரும் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். 2023இல் திறந்த விரைவுச்சாலை ராமநகரம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போகிறது. பலகையில் நான்-ஸ்டாப் என்று இருந்தால் அது உங்களுக்கான பஸ் அல்ல. கண்டக்டரிடம் "ஊரொளகெ ஹோகுத்தா?" (ஊருக்குள் போகுமா?) என்று கேளுங்கள். அவர் தலையாட்டிய பிறகு படியில் கால் வையுங்கள்.

நான் ஒருமுறை கேட்காமல் ஏறி, ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கி, மைசூரில்தான் கண் விழித்தேன். பஸ்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலகையில் தெளிவாகவே எழுதியிருந்தது.

கெங்கேரியிலிருந்து: ரயில் வசதிப்படுமா?

உங்களுக்கு பஸ்ஸைவிட ரயில்தான் மேல். கெங்கேரியிலேயே ஏறலாம். ஆனால் சதாப்தி, வந்தே பாரத் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்காது. மெமு ரயில் பாருங்கள். நிலையம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, ரங்கநாதர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். இந்தத் தண்டவாளத்தை இரட்டிப்பாக்க வழியில் நின்ற திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017இல் இடிக்காமல், அடியோடு பெயர்த்து நகர்த்தி வைத்தார்கள். மாளிகை கோட்டைக்கு வெளியே இருக்கிறது. ஆட்டோ பிடியுங்கள், கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

சாம்ராஜ்பேட்டையிலிருந்து: இது கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் மாளிகைதானே?

இல்லை. அது 1791இல் முடிந்தது, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. இது 1784.

மர்ஃபி டவுனிலிருந்து ஓர் அம்மா: பெண்களுக்கு பஸ் இலவசம் என்கிறார்களே, எனக்கும் உண்டா?

சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு, அம்மா. ஆதாரில் இன்னும் வேலூர், தருமபுரி என்று இருந்தால் இருபது வருடம் இங்கே குடியிருந்தாலும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். முகவரி மாற்றியிருந்தாலும் சாதாரண பஸ்ஸில் மட்டுமே, சொகுசு பஸ்களுக்குக் கிடையாது. இந்தப் பயணத்துக்கு அது நல்லதுதான். ஊருக்குள் போவது சாதாரண பஸ்தான்.

காக்ஸ் டவுனிலிருந்து: அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

இப்போதுதான் கேட்கவேண்டிய கேள்வி வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சுற்றிலும் பச்சைத் தட்டிகள் தொங்க, ஏதோ பழுதுபார்க்கும் வேலை நடப்பது போல நிற்கும். உள்ளே போனதும் ஓட வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். அப்புறம் தேக்குத் தூண்கள் தெரியும், கூரை வரை இடைவெளி விடாமல் வரைந்த பூ வேலை தெரியும். பிறகு மேற்குச் சுவருக்கு வாருங்கள்.

அதில் இருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் வென்ற சண்டை. நடுவில் சதுரமாக நெருங்கி நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. அவர்களுக்குள் பல்லக்கில் இருப்பவர் அவர்கள் தளபதி கர்னல் பெய்லி. வெடிமருந்து வண்டி ஒன்று சிதறுகிறது. நாலாபக்கமும் மைசூர்க் குதிரைகள். ஓரத்தில் மைசூர் பக்கம் நிற்கும் பிரெஞ்சுக்காரர் லாலி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருப்பார், தேடிப் பிடியுங்கள். கிழக்குச் சுவரில் தர்பார்க் காட்சிகள். அங்கே தஞ்சாவூர் ராஜாவும் இருக்கிறார்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: அது வென்றவன் வரையவைத்த படம். அதைப் போய் வரலாறு என்கிறீர்களே?

வரலாறு என்று நான் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று நீங்கள் பார்ப்பது முழுக்கத் திப்புவின் ஓவியர்கள் கைவேலை அல்ல. 1799இல் திப்பு இறந்த பிறகு இந்த வீட்டில் குடியிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். சிதைந்திருந்த ஓவியத்தைச் சரிசெய்யவைத்தது அவர். பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் மறுபடியும் வரைந்தார்கள். தோற்ற கட்சி தன் தோல்வியைத் தானே செலவழித்துப் புதுப்பித்திருக்கிறது.

மீண்டும் ஸ்ரீராமபுரம்: 1781இல் அதே இடத்தில் கும்பினித் தளபதி அயர் கூட் ஹைதரோடு மோதினாரே, அதை ஏன் வரையவில்லை?

நல்ல அடி. அந்தச் சண்டையில் களம் அயர் கூட்டின் கையில் நின்றது, பெரிய வெற்றி என்று அவர்களாலும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தன் வீட்டுச் சுவரில் அதை யார் வரைவார்? உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது கல்யாணப் படமா, தேர்வில் தோற்ற மதிப்பெண் சான்றிதழா?

எச்.ஏ.எல். பக்கத்திலிருந்து: ஐயா, எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். பொள்ளிலூர் என்று எங்கள் பக்கம் ஊரே இல்லையே?

இருக்கிறது. வெள்ளைக்காரன் வாயில் பொள்ளிலூர் ஆனது உங்கள் புள்ளலூர்தான். அந்த ஊரில் 1781 சண்டையில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு ஊசித்தூண் போன்ற நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. அதே புள்ளலூரில் பகைவரை வென்றதாக மகேந்திரவர்மப் பல்லவனைப் பற்றிக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவர் சாளுக்கியர் என்பது அறிஞர்கள் கருத்து. ஆக, கன்னட நாட்டுப் படை அங்கே வந்தது ஹைதர் காலத்தில்தான் முதல் முறை என்று நினைக்க வேண்டாம்.

1780இல் பெய்லி அடிபட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தார், வந்து சேரவில்லை. மறுநாள் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு நடையைக் கட்டினார். பெய்லி கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து 1782இல் இறந்தார். அவர் நினைவுச் சின்னம், ஹைதரும் திப்புவும் அடங்கிய கும்பஸ் பக்கத்தில் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: திப்பு நல்லவரா கெட்டவரா?

இது பஸ் பற்றிய கேள்வி நேரம்.

பனசங்கரியிலிருந்து: அதே நாளில் ரங்கநாதர் கோயில், கே.ஆர்.எஸ். அணை, மைசூர் அரண்மனை, மிருகக்காட்சி சாலை?

கோயிலும் மாளிகையும் கும்பஸும் ஒரு நாள். கோயிலை முதலில் பாருங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மற்றவை வேறொரு நாள்.

ஹெப்பாளிலிருந்து: பஸ் எங்கே ஏறுவது?

முதல் பதில்.

ஜெயநகரிலிருந்து: நான்-ஸ்டாப்தானே சீக்கிரம் போகும், அதில் போனால் என்ன?

சீக்கிரம் போகும். நீங்கள் போகவேண்டிய ஊரைத் தாண்டி.

பஸ்ஸிலிருந்தே ஒருவர்: சார், உங்கள் பதிலை இப்போதுதான் படித்தேன். மண்டியா தாண்டியாகிவிட்டது. கண்டக்டர் ஊருக்குள் போகாது என்கிறார்.

பதறாதீர்கள். வழியில் சாலை நடுவே இறக்கிவிடச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம், அங்கே வண்டிகள் பறக்கும். மைசூர் வரை போங்கள். நகரப் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கப்பட்டண பஸ் கிடைக்கும், ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். மைசூரில் இறங்கியதும் ஒரு காபி குடித்துவிட்டு ஏறுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் தூங்கிவிடாதீர்கள்.